வரிக் கணக்குத் தாக்கல்: ஆடிட்டரின் தகுதியை எப்படிச் சரிபார்ப்பது?

கேள்வி

வணக்கம். சம்பள வருமானம் மட்டுமே இருந்தவரை வரிக் கணக்கை நானே தாக்கல் செய்து வந்தேன். இந்த ஆண்டு வீட்டு வாடகையும், பகுதிநேர ஆலோசனைப் பணிக்கான கட்டணமும் சேர்ந்துவிட்டதால், அருகிலுள்ள ஓர் ஆடிட்டரிடம் ஒப்படைக்க எண்ணுகிறேன். நான் விசாரித்தவர்களில் ஒருவர், மற்றவர்களைவிட அதிக ரீஃபண்ட் வாங்கித் தருவதாகவும், அதில் ஒரு பங்கைக் கட்டணமாகத் தந்தால் போதும் என்றும் சொல்கிறார். இதற்கு ஒப்புக்கொள்ளலாமா? அவருடைய தகுதியை எங்கே சரிபார்ப்பது?

பதில் 1

ஒப்புக்கொள்ள வேண்டாம். ரீஃபண்டில் பங்கு என்றாலே இல்லாத செலவுகளைக் கூட்டிக் காட்டுவதில் அவருக்கு ஆதாயம் வந்துவிடுகிறது. பின்னாளில் வரித்துறை நோட்டீஸ் அனுப்பினால், குறைத்துக் கட்டிய வரியை வட்டியோடும் அபராதத்தோடும் செலுத்த வேண்டியவர் நீங்கள்தான். இந்தியாவின் 1949ஆம் ஆண்டுப் பட்டயக் கணக்காளர் (சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்) சட்டம், விழுக்காட்டு அடிப்படையிலோ முடிவைப் பொறுத்தோ கட்டணம் வாங்குவதை, சில விதிவிலக்குகள் தவிர, தொழில் ஒழுங்கீனமாகவே வைத்திருக்கிறது. உங்கள் ஆவணங்களைப் பார்க்காமலேயே தொகையைப் பற்றிப் பேசுகிறார் என்பதே எனக்குப் போதுமான எச்சரிக்கையாகத் தோன்றுகிறது.

தகுதியைப் பொறுத்தவரை, பெயர்ப்பலகையை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது. பிரிட்டனில் அக்கவுண்டன்ட் என்று யார் வேண்டுமானாலும் தம்மை அழைத்துக்கொள்ளலாம். சார்ட்டர்ட் என்ற அடைமொழிக்குத்தான் கட்டுப்பாடு உண்டு. இந்தியாவில் பட்டயக் கணக்காளரிடம் உறுப்பினர் எண்ணைக் கேட்டுப் பெற்று, இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் (ICAI) இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம். அமெரிக்காவில் கட்டணம் வாங்கிக்கொண்டு படிவம் தயாரிப்பவர், வரித்துறை வழங்கிய அடையாள எண்ணைக் குறிப்பிட்டுத் தாமே கையொப்பமிட வேண்டும். எண்ணைக் கேட்டதும் பேச்சை மாற்றுபவரிடம் மேற்கொண்டு பேசுவதில் பயனில்லை.

பதில் 2

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். முதல் சந்திப்பில் அவர் உங்களிடம் என்ன கேட்கிறார் என்பதையும் கவனியுங்கள். வாடகை ஒப்பந்தம், வீட்டுக் கடன் வட்டி, ஆலோசனைப் பணிக்கான ரசீதுகள், முன்கூட்டியே பிடிக்கப்பட்ட வரி ஆகியவற்றைப் பற்றி அவராகவே விசாரித்தால் நல்லது; ஆலோசனை வருமானத்திற்கு ஆண்டின் நடுவே தவணைகளாக முன்வரி கட்ட வேண்டியிருக்குமா என்ற பேச்சை அவரே எடுத்தால் இன்னும் நல்லது.

கட்டணத்தில் எவையெவை அடங்கும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நோட்டீஸ் வந்தால் பதில் தயாரிப்பது தாக்கல் கட்டணத்தில் சேருமா, தனியா என்பதில்தான் பெரும்பாலும் மனக்கசப்பு வருகிறது. ரீஃபண்ட் உங்கள் வங்கிக் கணக்கிற்கே வர வேண்டும். வரித்துறைத் தளத்தில் பதிவான மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் உங்களுடையவையாகவே இருக்க வேண்டும், இல்லையெனில் நோட்டீஸ் வந்த செய்தியே உங்களுக்கு எட்டாது.

பதில் 3

எனக்குச் சற்று மாறுபட்ட கருத்து உண்டு. ஒரே ஒரு வீட்டு வாடகையும் சிறிய அளவிலான ஆலோசனை வருமானமும்தான் என்றால், எல்லாவற்றையும் ஒப்படைக்க வேண்டிய கட்டாயமில்லை. இம்முறை ஒருவரைக் கொண்டு தாக்கல் செய்து, எந்தத் தொகை எந்தப் பத்தியில் ஏன் வந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டால், அடுத்த ஆண்டு நீங்களே தயாரித்து அவரிடம் சரிபார்க்க மட்டும் கொடுக்கலாம். எதுவானாலும் கடைசித் தேதி நெருங்கும்போது போகாதீர்கள்; அந்த நெருக்கடியில் எந்த ஆடிட்டருக்கும் விளக்கிச் சொல்ல நேரமிருக்காது.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. அவரிடம் உறுப்பினர் எண்ணைக் கேட்டேன். அலுவலகத்திற்கு நேரில் வந்தால் பேசிக்கொள்ளலாம் என்கிறார். வேறொருவரைத் தேடுகிறேன்.