திங்க்பேட் டி470: ரேம், பேட்டரி, விண்டோஸ் 10 – எதை முதலில் மாற்றுவது?

செந்தூல்காரன்:
வணக்கம். வீட்டில் லெனோவோ திங்க்பேட் டி470 ஒன்று இருக்கிறது. ஐ5-7200யு சிப், 8 ஜிபி ரேம் (ஒரே ஸ்டிக், இன்னொரு ஸ்லாட் காலி), 500 ஜிபி சுழலும் ஹார்ட்டிஸ்க், விண்டோஸ் 10 ப்ரோ. படிவம் 4 படிக்கும் மகள், டெலிமா என்ற பள்ளிக் கற்றல் தளத்துக்கும் வீடியோ பாடத்துக்கும் இதை எடுப்பாள். இரவில் கடைக் கணக்கு, மைஇன்வாய்ஸ் (மின் விலைப்பட்டியல்), வருமான வரி எல்லாம் இதில்தான்.

ஆன் செய்தால் பயன்படுத்தும் நிலைக்கு வர ரொம்ப நேரம் ஆகிறது. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100%, ரேம் 6 ஜிபிக்குப் பக்கம். சார்ஜரைக் கழற்றினால் ரொம்ப நேரம் தாங்குவதில்லை. விண்டோஸ் 11 இதற்குக் கிடையாது என்று திரையில் வருகிறது. மொத்தமாகக் காசு போட முடியாது. எந்த வரிசையில் செய்வது?

லோயாட்_வாசி:
அண்ணே, நீங்களே விடையை எழுதிவிட்டீர்கள்: டிஸ்க் 100%. முதலில் மாற்ற வேண்டியது அந்த ஹார்ட்டிஸ்க். விண்டோஸ் 10 பின்னணியில் அப்டேட், வைரஸ் ஸ்கேன், தேடல் அட்டவணை என்று ஒரே நேரத்தில் நூறு இடங்களில் படிக்கும். சுழலும் தட்டில் ஊசி ஒவ்வோர் இடத்துக்கும் நகர்ந்தாக வேண்டும், அந்த நகர்வில்தான் நேரமெல்லாம் போகிறது. இதற்கு 32 ஜிபி ரேம் போட்டாலும் ஆன் ஆகும் நேரம் பெரிதாகக் குறையாது.

வாங்க வேண்டியது 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்), 7 மிமீ தடிமன். 500 ஜிபி தாராளம். பழைய டிஸ்க் உட்கார்ந்திருக்கும் அதே இடத்தில், அதே கேபிளில் பொருந்தும். இன்னும் வேகமான என்விஎம்இ வகை எஸ்எஸ்டி போட, அதைத் தாங்கும் தனிச் சட்டம் (கேடி) தேடி அலைய வேண்டியிருக்கும், இந்த வேலைக்கு அந்த வேகம் தேவையில்லை. ஆன்லைனில் அடிமாட்டு விலைக்கு வரும் 2 டிபி, 4 டிபி எஸ்எஸ்டி பக்கம் போகவே வேண்டாம். உள்ளே சின்ன சிப் இருக்கும், பெரிய அளவு காட்டுவதுபோல் மென்பொருளை மாற்றியிருப்பார்கள். நிரம்பியதும் பழைய கோப்புகள் மேல் எழுதிக்கொண்டே போகும். எதை வாங்கினாலும் முதல் வேலையாக எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை மென்பொருளை ஓட்டி முழு அளவையும் எழுதிப் படித்துப் பாருங்கள்.

அடுத்தது ரேம். டி470 எடுப்பது டிடிஆர்4 எஸ்ஓடிம், 260 பின், 1.2 வோல்ட். டிடிஆர்3எல் 204 பின், பள்ளமும் வேறு இடத்தில், அதை நுழைக்கவே முடியாது. 2400, 2666, 3200 என்று எது கிடைத்தாலும் இந்தச் சிப் 2133 வேகத்தில்தான் ஓட்டும், அதனால் வேகத்துக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். இருப்பதோடு இன்னொரு 8 ஜிபி சேர்த்து 16 ஆக்கினால் போதும். இரண்டு ஸ்டிக்கும் ஒரே அளவு என்றால் இரட்டைச் சேனலில் ஓடும். கிராஃபிக்ஸ் தனியாக இல்லாமல் ரேமையே பங்கு போடும் மெஷின் இது, வீடியோ பாடத்தில் வித்தியாசம் தெரியும். லேபிளில் 1ஆர்×8 என்று இருப்பதை எடுங்கள். 1ஆர்×16 ஸ்டிக்கில் நான்கே சிப், அது கொஞ்சம் மெதுவாக இருக்கும்.

2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிக் கிடக்கிறது. ஆகவே புக்கிட் பிந்தாங் லோயாட் பிளாசாவில் பழைய பொருள் விற்கும் கடைகளில் பயன்படுத்திய ஸ்டிக் கேளுங்கள். லாப்டாப்பைக் கையோடு கொண்டுபோய், கவுண்டரிலேயே போட்டு, பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் அமைப்புத் திரை) 16 ஜிபி காட்டிய பிறகு காசு கொடுங்கள்.

பட்டர்வொர்த்_வோல்ட்:
திறப்பதற்கு முன் ஒன்று. டி470இல் இரண்டு பேட்டரி: பின்னால் கழற்றக்கூடியது ஒன்று, உள்ளே நிரந்தரமாக ஒன்று. பின் பேட்டரியைக் கழற்றிவிட்டால் மின்சாரம் இல்லை என்று நினைத்து ரேமைச் செருகினால், உள் பேட்டரியிலிருந்து போர்டுக்கு மின்சாரம் வந்துகொண்டிருக்கும். போர்டு எரிவதே இங்கேதான்.

ஆன் செய்யும்போது எஃப்1 அழுத்தி பயாஸுக்குப் போங்கள். கான்ஃபிக், அதில் பவர், அதில் 'டிசேபிள் பில்ட்-இன் பேட்டரி'. மெஷின் தானாக அணையும். சார்ஜரை அதற்கு முன்பே கழற்றியிருக்க வேண்டும், திரும்பச் சொருகினால் உள் பேட்டரி மறுபடி உயிர் பெற்றுவிடும். பிறகு பின் பேட்டரியை எடுங்கள். கீழ்மூடித் திருகுகள் தளரும், ஆனால் கழன்று விழாது, மூடியோடே நிற்கும். மூடியைச் சுற்றிலும் பிளாஸ்டிக் கொக்கிகள் இருக்கின்றன. பழைய ஏடிஎம் அட்டை போதும், ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் ஓரம் உடையும்.

ரேமைச் சாய்வாக, ஏறக்குறைய 30 டிகிரியில் நுழைத்து, தங்க நிறப் பற்கள் உள்ளே மறையும்வரை தள்ளிய பிறகுதான் கீழே அமுக்க வேண்டும். இரண்டு பக்கமும் உலோகக் கொக்கி 'டிக்' என்று பிடிக்கும். போட்டதும் முதல்முறை ஆன் செய்யும்போது திரை கொஞ்ச நேரம் கறுப்பாகவே நிற்கலாம். புது ரேமை அளந்து பழகுகிறது, பயந்து பவர் பட்டனை அமுக்காதீர்கள். விடாமல் பீப் அடித்தால் ஸ்டிக் சரியாக உட்காரவில்லை. அன்று ராத்திரி மெம்டெஸ்ட்86+ என்ற ரேம் சோதனையை ஓடவிட்டுத் தூங்குங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் ஸ்டிக்கைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இனி பேட்டரி. கமாண்ட் பிராம்ப்ட்டில் powercfg /batteryreport என்று தட்டுங்கள். ஒரு அறிக்கை உருவாகும். இரண்டு பேட்டரிக்கும் 'டிசைன் கெப்பாசிட்டி', 'ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி' இரண்டையும் இங்கே போடுங்கள்.

செந்தூல்காரன்:
ரொம்ப நன்றி இருவருக்கும். உள் பேட்டரி: டிசைன் 23,480, இப்போது 15,900. பின் பேட்டரி: டிசைன் 23,480, இப்போது 4,200. எல்லாம் மில்லிவாட்-அவர்.

பட்டர்வொர்த்_வோல்ட்:
அப்படியென்றால் உள் பேட்டரியை விட்டுவிடுங்கள், இன்னும் மூன்றில் இரண்டு பங்கு இருக்கிறது. டி470 முதலில் பின் பேட்டரியைக் காலி செய்துவிட்டுத்தான் உள் பேட்டரியைத் தொடும், அதனால்தான் பின்னால் இருப்பது இவ்வளவு தேய்ந்திருக்கிறது. பின் பேட்டரி மட்டும் மாற்றினால் போதும், மூடியைத் திறக்கவும் வேண்டாம்.

மூன்று வகை உண்டு. 61 என்பது 24 வாட்-அவர், மட்டமாக இருக்கும். 61+ என்பது 48, 61++ என்பது 72. பின் இரண்டும் கீழே புடைத்து லாப்டாப்பைத் தூக்கி நிறுத்தும். மேசையில் அது நல்லதுதான், பையில் வைத்தால் இடிக்கும். மகள் தூக்கிக்கொண்டு போவதில்லை என்றால் 48 எடுங்கள்.

அசல் அல்லாத பேட்டரியில் திங்க்பேட் முரண்டு பிடிக்கும்: ஆன் ஆகும்போதே இந்தப் பேட்டரிக்கு ஆதரவில்லை, சார்ஜ் ஏறாது என்று செய்தி வரும். திருப்பிக் கொடுக்க முடியும் என்று விற்பவர் எழுதிக் கொடுத்தால்தான் வாங்குங்கள். 'புதுசு, பெட்டி பிரிக்காதது' என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். லித்தியம் அலமாரியில் கிடந்தாலும் வயசாகும். கையில் வாங்கியதும் லெனோவோ வேண்டேஜ் செயலியில் தயாரித்த தேதியையும் சைக்கிள் (சார்ஜ் சுற்று) எண்ணிக்கையையும் பாருங்கள். அதே வேண்டேஜில் இரண்டு பேட்டரிக்கும் தனித்தனியாக 75இல் சார்ஜ் தொடங்கி 80இல் நிற்கும்படி வையுங்கள். நம் ஊர் சூட்டில் நாள் முழுக்க 100%இல் சொருகியே வைப்பதுதான் பேட்டரியைச் சாகடிக்கிறது. பழையது உப்பியிருந்தால் குத்தவோ அமுக்கவோ வேண்டாம், வீட்டுக் குப்பையில் போடாமல் இ-கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள்.

தமிழ்99:
விண்டோஸ் விஷயம். விண்டோஸ் 10க்கு ஆதரவு 14 அக்டோபர் 2025இல் முடிந்தது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பதிவு செய்தால் 13 அக்டோபர் 2026 வரை ஓட்டலாம். செட்டிங்ஸை அவர்கள் சேமிப்பகத்தில் பேக்கப் எடுக்கச் சம்மதித்தால் அதற்குக் காசு இல்லை. விண்டோஸ் 10இன் 22எச்2 பதிப்பில் இருக்க வேண்டும். இன்றைக்கே செய்ய வேண்டியது இதுதான்.

உங்கள் ஐ5-7200யு ஏழாம் தலைமுறை. விண்டோஸ் 11 எட்டிலிருந்துதான் பட்டியலில் வைத்திருக்கிறது, அதனால்தான் அந்தச் செய்தி. வேகம் போதாமல் அல்ல. ரூஃபஸ் என்ற மென்பொருள் கொண்டு யூஎஸ்பி தயாரிக்கும்போது டிபிஎம், செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு நிபந்தனைகளின் கட்டாயத்தை நீக்கும் டிக் வரும், அதை வைத்து ஏற்றிவிடலாம், நன்றாகவே ஓடும். ஆனால் ஆண்டுக்கொரு முறை வரும் பெரிய அப்டேட் தானாக வராது, ஒவ்வொரு முறையும் யூஎஸ்பி செய்து கையால் ஏற்ற வேண்டும். மாத அப்டேட் தொடர்ந்து வரும் என்றும் மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை. கடைக் கணக்கும் வங்கியும் இருக்கும் மெஷினில் அதை நான் சொல்ல மாட்டேன்.

என் தேர்வு, விண்டோஸுக்குப் பதிலாக ஏற்றும் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் 22. ஏப்ரல் 2029 வரை அப்டேட் உண்டு. டெலிமா, மைஇன்வாய்ஸ், வருமான வரி எல்லாமே பிரௌசரில் ஓடுபவை. தமிழ் தட்டச்சுக்கு ஐபஸ்-எம்17என் என்ற பொதியைச் சேர்த்தால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு விசைப்பலகைகள் இரண்டும் வரும். லதா, நிர்மலா எழுத்துருக்கள் மைக்ரோசாஃப்ட்டுடையவை, மின்ட்டில் இருக்காது. யூனிகோடு கோப்புகள் வேறு எழுத்துருவில் சரியாகவே திறக்கும், ஆனால் பக்க அமைப்பு கொஞ்சம் நகரும். பள்ளிக் கட்டுரையை அனுப்பும்போது பிடிஎஃப் ஆக்கி அனுப்பச் சொல்லுங்கள்.

செந்தூல்காரன்:
கணக்கு மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். அதுதான் இடிக்கிறது.

லோயாட்_வாசி:
அப்போது மின்ட் மட்டும் போதாது. தமிழ்99 சொன்னதை மகளுக்கு வைத்துக்கொள்ளலாம், கணக்குக்கு வேறு வழி: கொஞ்சம் பொறுத்து, பயன்படுத்திய டி480 ஒன்று பாருங்கள். 2018 மாடல், எட்டாம் தலைமுறைச் சிப் உள்ளதாக எடுத்தால் விண்டோஸ் 11 முறையாக ஏறும். நீங்கள் இப்போது வாங்கும் 61+ பேட்டரியும் டிடிஆர்4 ரேமும் அப்படியே அதில் பொருந்தும், காசு வீணாகாது. டி480 எடுத்தால் முதல் நாளே தண்டர்போல்ட் ஃபர்ம்வேரை (யூஎஸ்பி-சி போர்ட்டை இயக்கும் உள் மென்பொருள்) அப்டேட் செய்யுங்கள். பழைய ஃபர்ம்வேரில் யூஎஸ்பி-சி போர்ட் நாளடைவில் செத்துப்போகும், டி480இல் யூஎஸ்பி-சி தவிர வேறு சார்ஜிங் துளையும் கிடையாது.

செந்தூல்காரன்:
நல்ல யோசனை அண்ணே. இப்போதைக்கு எஸ்எஸ்டியும் பின் பேட்டரியும், சம்பளம் வந்ததும் ரேம். எஸ்எஸ்டிக்குப் பழையதை அப்படியே குளோன் செய்யலாமா, புதிதாக ஏற்றணுமா?

தமிழ்99:
புதிதாகவே ஏற்றுங்கள். விண்டோஸ் உரிமம் போர்டோடு ஒட்டியிருக்கும், இன்டர்நெட் வந்ததும் தானாக ஆக்டிவேட் ஆகும். கழற்றுவதற்கு முன் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதி) போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள், இல்லையென்றால் பழைய டிஸ்க்கை வெளியே மாட்டிக் கணக்குக் கோப்புகளை எடுக்க முடியாமல் போகும். கணக்கு மென்பொருளின் பேக்கப்பைத் தனியாக ஒரு யூஎஸ்பியில் எடுத்து, இன்னொரு கணினியில் திறக்கிறதா என்று பார்த்த பிறகு டிஸ்க்கைக் கழற்றுங்கள். பயாஸ் அப்டேட் செய்வதாக இருந்தால் புது பேட்டரி வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள், பேட்டரியில் போதுமான சார்ஜ் இல்லாவிட்டால் அது தொடங்கவே மறுக்கும்.