மறு: "முள் அலைவு" சரியான சொல்லா? (பழைய பைக் மீட்டர் பழுதுகள்)

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

பழைய பைக் பழுதுபார்ப்புக் கையேட்டில் மற்ற அத்தியாயங்கள் எல்லாம் நகர்கின்றன, மீட்டர் அத்தியாயம் மட்டும் நாலு நாளாக ஒரே சொல்லில் நிற்கிறது. ஐயா நேற்று எழுதியது:

> மீட்டர் முள் நிலையில்லாமல் ஆடுவதை எல்லாம் "முள் அலைவு" என்றே வைத்துக்கொள்ளலாம். அலைவு ஏற்கெனவே பாடநூலில் உள்ள சொல்.

ஐயா, இதில் மட்டும் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. பாடநூலில் அலைவு என்றால் ஊசல் ஒரே சீராகப் போய் வருவது. அது பழுதே இல்லை. பைக்கிலும் அப்படித்தான். பழைய புல்லட்டில், பாயின்ட் இக்னிஷன் (பாயின்ட் என்ற தொடுமுனை திறக்கும்போது தீப்பொறி வருவது) உள்ளதில், சாவியைப் போட்டுவிட்டுக் கிக்கரை மெதுவாக அழுத்திப் பாருங்கள். பாயின்ட் மூடியிருக்கும்போது, பேட்டரி மின்னோட்டத்தைக் காட்டும் ஆம்பியர் மீட்டரின் முள் மைனஸ் பக்கம் சாயும். திறந்ததும் நடுவுக்கு வரும். நடுவுக்கு வந்த இடத்தில் நிறுத்தி, டீகம்ப்ரஷர் லீவரை (எஞ்சினுக்குள் இருக்கும் அழுத்தத்தை வெளியே விடுவது) பிடித்துக் கிக்கரை இன்னும் கொஞ்சம் இறக்கி, லீவரை விட்டுவிட்டு உதைத்தால் வண்டி எடுக்கும். என் சித்தப்பா எனக்கு புல்லட் எடுக்கக் கற்றுக்கொடுத்ததே அந்த முள்ளைக் காட்டித்தான். ஐடிலிங்கிலும் அது லேசாக ஆடிக்கொண்டிருக்கும். அந்த ஆட்டத்தைக் கையேட்டில் பழுதுப் பட்டியலில் போட்டால், படிக்கிற பையன் நல்ல மீட்டரைக் கழற்றிவிடுவான்.

1950களின் பிரிட்டிஷ் வண்டிகளில் வந்த ஸ்மித்ஸ் குரோனோமெட்ரிக் வேக மீட்டரும் இதே கதைதான். உள்ளே கடிகாரம் மாதிரி ஒரு பொறி சக்கரத்தின் சுற்றை விட்டுவிட்டு எண்ணுகிறது. அதனால் முள் வழுக்கி ஏறாமல் படிப்படியாகத் தாவித்தான் ஏறும். அதுவும் ஆரோக்கியம்தான்.

ஆக, பழுதுக்குச் சொல் வேண்டுமென்றால் ஆட்டத்தின் வகையைச் சொல்கிற சொல் வேண்டும். மெக்கானிக்குகள் ஏற்கெனவே அப்படித்தான் பேசுகிறார்கள். "முள்ளு துள்ளுது", "நடுங்குது", "ஒட்டிக்கிச்சு", "படுத்துடுச்சு" என்ற இந்த நாலும் ஒன்றுக்கொன்று மாற்றாக வருவதில்லை. ஒவ்வொன்றும் வேறு வேறு இடத்தைத் தேடச் சொல்கிறது.

வேக மீட்டரின் முள் துள்ளுவது என்றால் பெரும்பாலும் கேபிள், அதாவது சக்கரத்தின் சுற்றை மீட்டருக்குக் கொண்டுவருவது. உள்கம்பி காய்ந்து போயிருக்கும், இல்லாவிட்டால் ஹேண்டில்பார் பக்கம் கேபிள் கூர்மையாக மடிந்திருக்கும். கம்பி ஒரு கணம் சிக்கி முறுக்கேறுகிறது, பிறகு சட்டென்று விடுபட்டு வேகமாகச் சுழல்கிறது. முள்ளும் அதே மாதிரி எகிறி விழுகிறது. 20 கிலோமீட்டரில் துள்ளிய முள் 60இல் அடங்கிவிடும். நடுங்குவது வேறு. அது சின்ன, விடாத அதிர்வு. மீட்டருக்குள் தண்டைத் தாங்குகிற புஷ் தேய்ந்தோ காய்ந்தோ இருக்கும். காலையில் வண்டி எடுத்ததும் மீட்டரிலிருந்து கிரீச் என்று சத்தமும் வந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஒட்டிக்கொள்வதை நானே அனுபவித்தேன். ஒரு பட்டறையில் கேபிளுக்கு கிரீஸ் வைத்து வாங்கி வந்த மூன்றாம் நாள், முள் எண்கள் முடிகிற இடம் வரை ஏறி அங்கேயே நின்றுவிட்டது. வண்டியை ஸ்டாண்டில் போட்ட பிறகும் இறங்கவில்லை. காந்த வகை மீட்டரில் கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றும். காந்தத்தின் மேல் ஓர் அலுமினியக் கிண்ணம் தொடாமல் கவிழ்ந்திருக்கும். காந்தம் சுழலும்போது கிண்ணத்தில் தோன்றும் சுழல் மின்னோட்டம் அதைக் கூடவே இழுக்கும். மயிரிழை போன்ற ஒரு சுருள்வில் அதைத் திருப்பி இழுக்கும். இந்த இரண்டு இழுப்பும் சமமாகிற இடத்தில் முள் நிற்கும். என் மீட்டரின் வளையத்தை நெம்பித் திறந்தபோது காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே பழுப்பாக கிரீஸ் படிந்திருந்தது. இரண்டும் ஒன்றாக ஒட்டிக்கொண்டன, சுருள்வில்லால் திருப்பி இழுக்க முடியவில்லை. முறுக்குக் கம்பி சுழலச் சுழல, திருகாணி போல கிரீஸை மேலே ஏற்றியிருக்கிறது. காது குடையும் பஞ்சுக் குச்சியைப் பெட்ரோலில் தொட்டு, டயல் பெயின்டிலும் சுருள்வில்லிலும் படாமல் துடைத்தெடுக்க ஒரு மதியம் ஆயிற்று. கேபிளின் கீழ் மூன்றில் இரண்டு பாகத்துக்கு மட்டும் கிரீஸ் தடவி, மீட்டர் பக்கம் மீதியைக் காய்ந்தபடியே விட வேண்டும் என்பதைக் கையேட்டில் தடித்த எழுத்தில் போடுங்கள்.

சரி, சொல்லுக்கு வருவோம். "முள் துள்ளல்" என்று சொன்னபோது தங்கை ஒருவர் புணர்ச்சி இலக்கணத்தைக் காட்டினார்:

> முள் + கம்பி முட்கம்பி ஆகிறது. அதே விதிப்படி முள் + துள்ளல் "முட்டுள்ளல்". முள் + நடுக்கம் "முண்ணடுக்கம்". யாருக்குப் புரியும்?

அவர் சொல்வது முழுக்கச் சரி. விதியைத் தள்ளிவிட்டு இடம் விட்டு எழுதலாம் என்று முதலில் நினைத்தேன், மனம் ஒப்பவில்லை. அப்புறம்தான் பட்டது: முள்ளை முன்னால் வைப்பதால்தானே சிக்கல்? பின்னால் வைத்தால்? துள்ளுமுள், நடுங்குமுள், ஒட்டுமுள், படுமுள்.

ஊறுகாய், சுடுநீர் போல இவை வினைத்தொகை. எழுத்து எதுவும் திரியாது. வினைத்தொகை மூன்று காலத்துக்கும் பொதுவாக நிற்கும் என்பதும் இங்கே பொருந்தி வருகிறது. "நேற்று துள்ளியது, இப்போது சும்மா இருக்கிறது" என்று வண்டிக்காரர் சொன்னாலும் பழுதின் பெயர் துள்ளுமுள்தான். மெக்கானிக் வாயில் இருக்கிற வினை அப்படியே உள்ளே இருப்பதால் யாருக்கும் அகராதி தேவைப்படாது. ஐயாவின் அலைவையும் நான் விடவில்லை. ஆம்பியர் மீட்டரின் அந்த நல்ல ஆட்டத்துக்கு "அலைமுள்" என்று வைத்து, பழுதல்ல என்று பக்கத்தில் ஒரு வரி போடுவோம்.

படுமுள்ளில் ஒன்று பாக்கி. முள் எழவே இல்லை என்றால் மீட்டரின் அடியில் இருக்கும் வளைய நட்டைக் கழற்றிக் கேபிளை உருவிக்கொண்டு, முன்சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்ற வேண்டும். கம்பியின் சதுர முனை சுழன்றால் கோளாறு மீட்டருக்குள். சுழலாவிட்டால் கேபிள் அறுந்திருக்கும், அல்லது சக்கரத்தில் கேபிளைச் சுழற்றும் பற்சக்கரமான மீட்டர் பினியன் தேய்ந்திருக்கும். கழற்றாமலே பார்க்கவும் ஒரு வழி உண்டு. ஓடிய தூரத்தைக் காட்டும் கிலோமீட்டர் எண்கள், கேபிள் சுழற்றும் அதே தண்டிலிருந்து பற்சக்கரம் வழியாக நேராக ஓடுகின்றன, அவற்றுக்குக் காந்தம் தேவையில்லை. முள் படுத்திருந்தும் எண் ஓடினால் கேபிளைத் தொடவே வேண்டாம்.

எண் ஓடுகிற படுமுள்ளும் எண் ஓடாத படுமுள்ளும் வேறு வேறு பழுதுகள். இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வேண்டும். எனக்கு இன்னும் அமையவில்லை. பட்டறைப் பக்கம் போகிறவர்கள் காதில் ஏதாவது விழுந்தால் எழுதுங்கள்.