அம்மாவின் இழப்பீட்டு மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், என்ன செய்வது?

இளவல்77
அவசரம். அம்மாவுக்காக மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கொடுத்த இழப்பீட்டு மனுவை வாங்காமல், "ஆள் பிடிபடட்டும், அப்புறம் வாங்க" என்று வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். இடுப்பு எலும்பு உடைந்து ஆபரேஷன் முடிந்திருக்கிறது. வாக்கர் இல்லாமல் கழிவறைக்குக்கூடப் போக முடியவில்லை. அக்காவின் வளையல் அடகுக் கடையில் இருக்கிறது. யாராவது வழி சொல்லுங்கள்.

மழைக்காகம்
என்ன நடந்தது என்றே எழுதவில்லையே? விபத்தா, அடிதடியா? எந்த மாநிலம்? எஃப்.ஐ.ஆர். போட்டாயிற்றா?

ரோட்டோரம்
வண்டி இடித்துவிட்டு நிற்காமல் போயிருந்தால் கவலையே வேண்டாம். 2022 ஏப்ரல் 1 முதல் அதற்கென்றே திட்டம் இருக்கிறது. பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய், உயிரிழப்புக்கு 2 லட்சம். வண்டி எண் தெரியாவிட்டாலும் கிடைக்கும். என் மாமாவுக்கு வாங்கியிருக்கிறோம்.

மழைக்காகம்
விபத்தா இல்லையா என்பதே தெரியாதே, அதற்குள் எப்படி?

இளவல்77
மன்னிக்கணும், பதற்றத்தில் விட்டுவிட்டேன். தமிழ்நாடுதான். விபத்து இல்லை, சங்கிலிப் பறிப்பு. போன மாதம் காலையில் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது பைக்கில் இரண்டு பேர் வந்தார்கள். சங்கிலி சட்டென்று அறுபடவில்லை, அம்மாவையும் சேர்த்து இழுத்துவிட்டார்கள். எஃப்.ஐ.ஆர். இருக்கிறது. இன்னும் யாரும் பிடிபடவில்லை.

ரோட்டோரம்
பைக் சம்பந்தப்பட்டிருக்கிறதே, அதிலேயே கேட்டுப் பார்க்கலாம்.

சட்டப்பித்தன்
கேட்க முடியாது. அது வாகன விபத்துக்கான திட்டம், இது குற்றம். பிரிவைப் படிக்காமல் மனு எழுதுவது, திரும்பி வந்ததும் இங்கே வந்து அவசரம் என்பது. இந்தக் கேள்விக்கு நானே எத்தனையோ முறை பதில் எழுதியிருக்கிறேன், தேடிப் பார்க்கும் பொறுமை யாருக்கும் இல்லை. குற்றத்தால் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தரும் பழைய 357ஏ பிரிவு என்றுதானே எழுதினீர்கள்? 2024 ஜூலை 1 முதல் அது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 396. அதன் 4ஆம் உட்பிரிவைப் படியுங்கள். குற்றவாளி யாரென்றே தெரியாமல் விசாரணை நடக்காவிட்டாலும் பாதிக்கப்பட்டவர் நேராக மனு செய்யலாம். 5ஆம் உட்பிரிவின்படி இரண்டு மாதத்துக்குள் விசாரித்து முடிக்க வேண்டும்.

இளவல்77
ஆமாங்க, 357ஏ என்றுதான் எழுதினேன்.

வேப்பமரத்தடி
தம்பி, பழைய எண்ணைப் போட்டதற்காக மட்டும் யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள். நான் எட்டு வருடம் சட்டத் தன்னார்வலராக இருந்தவள். இரண்டு தாளை எடுத்துப் பார்த்துச் சொல்லுங்கள். எஃப்.ஐ.ஆரில் என்ன பிரிவு? ஆஸ்பத்திரி ஏ.ஆர். காப்பியில், அதாவது காயத்தோடு வந்தவரைப் பற்றி எழுதும் விபத்துப் பதிவேட்டு நகலில், எப்படி அடிபட்டது என்று எழுதியிருக்கிறது?

கண்காணி
இதற்கெல்லாம் பணம் எங்கே இருக்கிறது? 2013இல் 1,000 கோடியோடு பெண்கள் பாதுகாப்புக்கென்று நிர்பயா நிதி தொடங்கினார்கள். அதில் சென்னை உட்பட எட்டு நகரங்களுக்குப் பாதுகாப்பான நகரம் என்று கேமராவும் கட்டுப்பாட்டு அறையும் வந்தன. கோலம் போடும் தெருவில் ஒரு கேமரா இருந்திருந்தால் திருடன் இந்நேரம் உள்ளே இருப்பான்.

மழைக்காகம்
அவன் உள்ளே போனால் அந்த அம்மா எழுந்து நடந்துவிடுவாரா? அதே நிதியிலிருந்துதான் பாதிக்கப்பட்டவர்களுக்கான மத்திய இழப்பீட்டு நிதிக்கு 200 கோடி ஒதுக்கினார்கள், மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்க. அதுவும் ஒரே ஒரு முறைதான். வருடா வருடம் மாநில பட்ஜெட்டில் ஒதுக்குவதுதான் நிலைக்கும்.

கண்காணி
தடுத்துவிட்டால் இழப்பீடே தேவைப்படாது என்கிறேன்.

மழைக்காகம்
தடுக்க முடியாமல் போனவர்களைப் பற்றித்தானே இந்த இழை.

சட்டப்பித்தன்
இரண்டு பேரும் தலைப்புக்கு வாருங்கள்.

இளவல்77
அக்கா, இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். எஃப்.ஐ.ஆரில் புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ். 304 மட்டும் இருக்கிறது. ஏ.ஆர். காப்பியில் "வீட்டு வாசலில் கீழே விழுந்ததாக" என்று எழுதியிருக்கிறது. அழைத்துப் போன பக்கத்து வீட்டு அண்ணன் பதற்றத்தில் அப்படிச் சொல்லிவிட்டாராம்.

வேப்பமரத்தடி
இதுதான் சிக்கல். 304 என்பது வெறும் பறிப்பு. தாளைப் பார்க்கிறவருக்கு உங்கள் அம்மா தானாக விழுந்தவர், சங்கிலி தனிக் கதை. முதலில் அந்த அண்ணனை விசாரணை அதிகாரியிடம் கூட்டிப்போய், என்ன பார்த்தார் என்று வாக்குமூலம் கொடுக்கச் சொல்லுங்கள். எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். காயச் சான்றிதழ் வாங்கிச் சேர்த்து, பிரிவு மாற்றம் கேட்டு எழுத்தில் மனு கொடுத்து, கையெழுத்துப் போட்ட நகல் வாங்குங்கள். கொள்ளையின்போது காயம் ஏற்படுத்தியது அதே பி.என்.எஸ். 309இன் 6ஆம் உட்பிரிவில் வரும்.

அப்புறம் புது மனு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு தானே விசாரிக்க வேண்டியது, ஆள் பிடிபடும்வரை காத்திருக்கச் சட்டம் சொல்லவில்லை. குற்றத்தால் பாதிக்கப்பட்ட பெண்களுக்கான 2018 இழப்பீட்டுத் திட்டத்தின் அட்டவணையில் பலத்த காயத்துக்கு 1 முதல் 2 லட்சம் வரை இருக்கிறது. அதைக் குறிப்பிட்டு, இடைக்கால நிவாரணமும் சேர்த்துக் கேளுங்கள். ஒன்றை மறக்காதீர்கள். வரும் தொகையில் 75 சதவீதத்தை மூன்று வருடம் வைப்புநிதியில் போடுவார்கள். மருத்துவச் செலவுக்கு முன்கூட்டியே எடுக்க அனுமதி உண்டு. அடகுச் சீட்டையும் ஆஸ்பத்திரி ரசீதுகளையும் மனுவோடு இணைத்து அதையும் கேட்டுவிடுங்கள்.

மறுபடியும் மறுத்தால் எழுத்தில் வாங்குங்கள். 30 நாளுக்குள் மாநில ஆணைக்குழுவில் மேல்முறையீடு செய்யலாம். வாய்வார்த்தையை வைத்து எதுவும் செய்ய முடியாது. அம்மாவுக்கு வருமான வரம்பில்லாமல் இலவச வழக்கறிஞர் உண்டு, சட்ட உதவி எண் 15100க்குக் கூப்பிடுங்கள்.

சட்டப்பித்தன்
அக்கா சொன்னது சரி. ஏ.ஆர். காப்பியை நான் கேட்டிருக்க வேண்டும்.

ரோட்டோரம்
வாகனத் திட்டத்திலும் ஒரு மனு போட்டு வைத்தால் என்ன?

மழைக்காகம்
வேண்டாம். ஏற்கெனவே தாளில் இரண்டு கதை இருக்கிறது, மூன்றாவது வேண்டாம்.

வேப்பமரத்தடி
தம்பி, என்ன ஆயிற்று? பத்து நாளாகச் சத்தம் இல்லை.

இளவல்77
அக்கா, ஆஸ்பத்திரியிலேயே இருந்துவிட்டேன், அம்மாவுக்குத் தையல் பிரித்தார்கள். அண்ணன் வாக்குமூலம் கொடுத்துவிட்டார், பிரிவு மாற்றியாயிற்று. புது மனுவை இன்று வாங்கிக்கொண்டார்கள், முத்திரை போட்ட நகல் கையில் இருக்கிறது. ரொம்ப நன்றி.