நான் அனுப்பும் பாடல்களை நண்பர்கள் கேட்பதில்லை, பிழை என்னுடையதா?

தனிச்சுருதி (கேள்வி):

வணக்கம். கல்லூரியில் ஒன்றாகப் படித்த நாங்கள் ஐந்து பேர் இன்று ஐந்து ஊர்களில் இருக்கிறோம். அன்று எங்களைச் சேர்த்து வைத்ததே பாட்டுதான். ஒரே ஹெட்போனின் இரு முனைகளையும் ஆளுக்கொரு காதில் செருகிக்கொண்டு இரவெல்லாம் கேட்டவர்கள் நாங்கள். அந்தப் பழக்கம் அறுந்துவிடக் கூடாது என்று எண்ணி, எனக்குப் பிடித்த பாடல்களின் இணைப்புகளை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வாரத்துக்கு நான்கைந்து முறையாவது இரண்டு ஆண்டுகளாக அனுப்பி வருகிறேன். பதிலாகப் பெரும்பாலும் ஒரு கட்டைவிரல் குறி வரும். சில நாட்களில் அதுவும் வராது.

சென்ற மாதம் அவர்களில் ஒருவரின் பிறந்தநாளுக்காக மூன்று மாலைப் பொழுதுகளைச் செலவிட்டு 62 பாடல்கள் கொண்ட ஒரு பிளேலிஸ்ட்டைத் தயாரித்தேன். எதற்குப் பின் எது வர வேண்டும், எந்த இடத்தில் வேகம் தணிய வேண்டும் என்றெல்லாம் பார்த்துப் பார்த்து அடுக்கினேன். இரண்டு வாரம் கழித்து எப்படி இருந்தது என்று கேட்டபோது ‘அருமை’ என்றார். எது மிகவும் பிடித்தது என்றேன். பட்டியலின் முதல் பாடலைச் சொன்னார். மேலும் துருவியபோதுதான், முதல் மூன்றைக் கேட்டுவிட்டு மீதியைப் ‘பிறகு பார்க்கலாம்’ என்று ஒதுக்கி வைத்திருக்கிறார் என்பது தெரிந்தது. துருவியிருக்கக் கூடாதோ என்று இப்போது தோன்றுகிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: அவர்கள் அனுப்புவதை நானும் முழுதாகக் கேட்பதில்லை. முதல் இருபது நொடிக்குள் மனம் ஒட்டவில்லையென்றால் மூடிவிடுகிறேன். ஆகவே இது அவர்கள் மீதான புகார் அன்று. எந்தப் பாடலை அனுப்பலாம் என்றும் நான் கேட்கவில்லை. ஒருவருக்கு ஒரு பாடலைக் கேட்கத் தூண்டும்படி எப்படிக் கொடுப்பது, கொடுத்த பிறகு அதைப் பற்றிக் கேட்கலாமா கூடாதா, இவ்விரண்டையும் அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.


பழையநாடா:

நான் கேசட் காலத்து ஆள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் பதிலில் அந்த வாடை அடிக்கும். 90 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம். அதற்குள் பத்துப் பதினொரு பாடலுக்கு மேல் அடங்காது. ஒவ்வொரு பாடலையும் அது ஓடும் நேரம் முழுவதும் உடனிருந்துதான் பதிய வேண்டும். கடைசிப் பாடல் பாதியில் அறுந்துவிட்டால் பின்னோக்கிச் சுற்றி, வேறொரு குறும்பாடலைத் தேடி அந்த இடத்தை நிரப்ப வேண்டும். எனவே நண்பர் கொடுத்த கேசட்டைக் கையில் வாங்கும்போதே, இவர் எனக்காகக் குறைந்தது ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார் என்பது தெரிந்துவிடும். உங்களுடைய மூன்று மாலைப் பொழுதுகளோ அந்த இணைப்பில் எங்கும் தெரியவில்லை. பெறுபவருக்குத் தெரிந்தது 62 என்ற எண் மட்டுமே. ஒரு பாடலுக்கு நான்கு நிமிடம் என்று வைத்துக்கொண்டாலும் அது நான்கு மணி நேரத்துக்கு மேல். யாராக இருந்தாலும் ‘பிறகு’ என்றுதான் சொல்வார்கள்.

உடனே ‘அந்தக் காலம் போல வருமா’ என்று பாடத் தொடங்குவேன் என எண்ண வேண்டாம். எனக்கு வந்த கேசட்டுகளில் உறை பிரிக்காமலே கிடந்தவையும் உண்டு, திருப்பிக் கொடுக்காமல் நட்பு கசந்ததும் உண்டு. 1979-இல் வெளிவந்த முதல் வாக்மேனில் (கையோடு எடுத்துச் செல்லும் கேசட் கருவி) இருவர் சேர்ந்து கேட்பதற்காக இரண்டு ஹெட்போன் துளைகளும், பாட்டின் ஒலியைத் தாழ்த்தி ஒருவர் பேசுவதை மற்றவர் கேட்கச் செய்யும் ஆரஞ்சு நிறப் பொத்தான் ஒன்றும் இருந்தன. உங்கள் ஒரே ஹெட்போன் கதையைப் படித்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது. அந்தப் பொத்தானின் வேலையை இன்று செய்ய வேண்டியது, இணைப்போடு நீங்கள் எழுதும் இரண்டு வரிகள். நீங்கள் என்ன எழுதி அனுப்புகிறீர்கள் என்று சொல்லவில்லை. எதுவும் எழுதுவதில்லை என்றே ஊகிக்கிறேன்.

‘மிகச் சிறந்த பாடல், கட்டாயம் கேள்’ என்பது எழுதியதாகாது. அது எதிர்பார்ப்பை ஏற்றிவிட்டு, பிடிக்காமல் போனால் அவருடைய ரசனைக்குத்தான் குறை என்று சொல்லாமல் சொல்கிறது. ‘இரண்டாம் சரணத்துக்கு முன்னால் வயலின்கள் எல்லாம் சட்டென்று நின்று, புல்லாங்குழல் மட்டும் தனியாக வரும், அந்த இடத்துக்காக அனுப்புகிறேன்’ என்று எழுதிப் பாருங்கள். அந்த இடம் வரும்வரையாவது அவர் கேட்பார். அதற்குள் பாட்டு தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும்.


எண்ணும்எழுத்தும்:

மேலே சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எழுதும் விதத்தை மாற்றுவதால் மட்டும் தீராத ஒன்றும் இதில் இருக்கிறது. நீங்கள் அனுப்பும் பாடலை நீங்கள் நாற்பது முறை கேட்டிருப்பீர்கள். அவர் முதல் முறை கேட்கப் போகிறார். ஒரு பொருளை மீண்டும் மீண்டும் எதிர்கொள்வதாலேயே அதன் மீது விருப்பம் கூடுகிறது என்பதை ராபர்ட் ஸாயன்ஸ் என்ற உளவியலாளர் 1968-இல் பொருளற்ற சொற்களையும் முகங்களின் படங்களையும் கொண்டு காட்டினார். இசைக்கும் இது பெரிதும் பொருந்தும், சலிப்புத் தட்டும் எல்லை வரை. ஆகவே உங்களுக்கு அந்தப் பாடலில் இன்று கிடைக்கும் இன்பத்தை முதல் கேட்பிலேயே அவரிடம் எதிர்பார்ப்பது, நாற்பதாம் படியில் நின்றுகொண்டு முதல் படியில் இருப்பவரிடம் காட்சி தெரிகிறதா என்று கேட்பது போன்றது. பிடிக்கவில்லை என்று சொன்னவரே மூன்றாம் முறை வேறெங்கோ தற்செயலாகக் கேட்டுவிட்டு முணுமுணுக்கத் தொடங்குவார். அப்போது அதை நீங்கள்தான் அனுப்பினீர்கள் என்பது அவருக்கு நினைவே இருக்காது என்பது வேறு விஷயம்.

அடுத்தது, நீங்கள் அனுப்பும் இடம். மேத்யூ சால்கனிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் ஆகிய மூவர் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பெரிதாக அறியப்படாத இசைக்குழுக்களின் 48 பாடல்களை இணையத்தில் வைத்து, 14,000-க்கும் மேற்பட்டவர்களைக் கேட்கச் செய்து, வேண்டியதைப் பதிவிறக்கிக்கொள்ளவும் விட்டார்கள். ஒரு சாராருக்குப் பாடல்களின் பெயர்களும் குழுக்களின் பெயர்களும் மட்டுமே தெரியும். மற்றவர்களை எட்டுத் தனித்தனி உலகங்களாகப் பிரித்து, அந்தந்த உலகத்தில் எந்தப் பாடலை எத்தனை பேர் பதிவிறக்கினார்கள் என்பதையும் காட்டினார்கள். எண்ணிக்கை கண்ணில் பட்ட உலகங்களில் முன்னணிப் பாடல்களுக்கும் மற்றவற்றுக்கும் இடையிலான இடைவெளி பெருகியது. அதோடு, ஓர் உலகத்தில் முன்வரிசைக்கு வந்த பாடல் இன்னொன்றில் நடுவரிசையில் தேங்கியது. மிக நல்ல பாடல்கள் அடியோடு தோற்பதும் மிக மோசமானவை முதலிடம் பிடிப்பதும் அரிது. இடைப்பட்டவற்றின் கதி யார் முதலில் என்ன செய்தார் என்பதைச் சார்ந்திருந்தது.

உங்கள் ஐவர் குழுவும் அப்படி ஒரு குட்டி உலகந்தான். முதலாமவர் ‘சுமார்’ என்று எழுதிவிட்டால் மற்ற மூவரும் அந்தச் சொல்லைக் காதில் வைத்துக்கொண்டுதான் பாட்டைத் திறப்பார்கள். முதலாமவர் மௌனமாக இருந்தாலோ திறக்கவே மாட்டார்கள். குழுவில் போடாமல், ஒருவருக்கு ஒன்று என்று தனியாக அனுப்புங்கள்.

எண்ணிக்கையில் இயந்திரத்தோடு போட்டி போடவும் வேண்டாம். பாடகர்களுக்கும் இசைக்குழுக்களுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண் இடச் சொல்லி, ஒத்த ரசனை உடையவர்களைக் கண்டுபிடித்து, அவர்களுக்குப் பிடித்ததை உங்களுக்கு மின்னஞ்சலில் பரிந்துரைத்த ‘ரிங்கோ’ என்ற அமைப்பு 1994-லேயே அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் இருந்தது. இன்று ஸ்பாட்டிஃபை என்ற பாட்டுச் செயலி ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஆளுக்கு முப்பது பாடல்களை நீட்டுகிறது. 2015 முதல் அந்த வழக்கம் நடக்கிறது. இவ்வளவுக்கும் முக்கிய அடிப்படை, உங்களைப் போன்றவர்கள் எதைக் கேட்டார்கள், எதை விரும்பினார்கள் என்ற கணக்கே. சென்ற வாரம் உங்கள் நண்பர் யாரை வழியனுப்பிவிட்டு வந்தார் என்பது அந்தக் கணக்கில் இல்லை. உங்களுக்குத் தெரியும்.


ஒருகாது:

இதுவரை எழுதிய மூவரும் கொடுக்கும் பக்கத்திலிருந்து பேசுகிறீர்கள். நான் பெறும் பக்கம். உங்களைப் போலவே அள்ளிக் கொடுக்கும் தோழி ஒருத்தி எனக்கு உண்டு. அவளை எனக்கு மிகவும் பிடிக்கும், அவளுடைய இணைப்புகளைப் பார்த்தால் மட்டும் மூச்சு முட்டும். ஒவ்வொரு பாடலும் நான் செய்து முடிக்க வேண்டிய வேலையாகவே வந்து சேர்கிறது. ‘கேட்டாயா?’ என்று அவள் கேட்கும் கணத்தில் பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் முடிக்காமல் நின்ற பெண்ணாகிவிடுகிறேன். கேட்காத பாட்டைக் கேட்டதாகச் சொன்ன பொய்களுக்குக் கணக்கே இல்லை. உங்கள் நண்பர் சொன்ன ‘அருமை’ எந்த வகையைச் சேர்ந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆகவே உங்கள் இரண்டாம் கேள்விக்கு என் பதில்: கொடுத்த பாட்டைப் பற்றிக் கேட்காதீர்கள். இணைப்போடு ‘பதில் எழுத வேண்டியதில்லை’ என்று ஒரு முறை எழுதிவிட்டு, உண்மையிலேயே அப்படி இருந்துவிடுங்கள். பிடித்திருந்தால் அவர்களே வருவார்கள்.

இன்னும் சில சில்லறைச் சங்கதிகளும் உண்டு. பெறுபவருக்கு அவை சில்லறை அல்ல. நீங்கள் பயன்படுத்தும் செயலியில் அவருக்குக் கணக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் இணைப்பைத் தொட்டதும் பதிவு செய்யச் சொல்லும், அத்தோடு ஆர்வம் செத்துவிடும். பாடலின் பெயரையும் பாடியவரின் பெயரையும் எழுத்தில் தட்டச்சு செய்து அனுப்பினால் அவர் தமக்கு வசதியான இடத்தில் தேடிக்கொள்வார். அடித்தாளத்துக்காகவே ஒரு பாட்டை அனுப்புகிறீர்கள் என்றால் ஹெட்போனில் கேட்கும்படி சொல்லுங்கள். கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் அந்தத் தாழ்ந்த ஒலிகள் பெரும்பாலும் எழும்புவதே இல்லை. அவருக்குத் தெரியாத மொழிப் பாடல் என்றால் அது எதைப் பற்றியது என்று ஒரு வரி எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் எப்போது பாட்டுக் கேட்கிறார் என்று விசாரியுங்கள். நான் வேலை செய்யும்போது மட்டுமே கேட்பவள். சொற்கள் நிறைந்த பாடல் ஓடினால் எனக்கு ஒரு பத்தி எழுத வராது. என் தோழிக்கு இது இன்றுவரை தெரியாது, ஏனென்றால் அவள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இதை எழுதும்போதுதான் உறைக்கிறது.


தனிச்சுருதி:

மூவருக்கும் நன்றி. பன்னிரண்டு நாட்கள் கழித்து எழுதுகிறேன். சொன்னவற்றை முயன்று பார்த்துவிட்டு எழுத வேண்டும் என்று காத்திருந்தேன். குழுவில் எதுவும் போடவில்லை. இருவருக்குத் தனித்தனியே ஒவ்வொரு பாடல் அனுப்பினேன், எதைக் கவனித்து எனக்குப் பிடித்தது என்ற இரண்டு வரிகளோடு. ஒருவரிடமிருந்து இன்றுவரை ஒரு சொல்லும் வரவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்காமல் இருப்பது எவ்வளவு கடினம் என்பதை மட்டும் பதிவு செய்துகொள்கிறேன். இன்னொருவர் ஒன்பதாம் நாள் இரவு அழைத்தார். நான் சுட்டிய வயலின் பகுதி அவரை ஒன்றும் செய்யவில்லையாம். பல்லவியை இரண்டாம் முறை எடுக்கும் முன் பாடகி மூச்சை உள்ளிழுக்கும் ஒலி கேட்கிறதே, அதைத்தான் நான் சொல்கிறேன் என்று நினைத்து நான்கு முறை கேட்டிருக்கிறார். எனக்கு அந்த மூச்சு அன்றுதான் முதல் முறையாகக் காதில் விழுந்தது. நாற்பது முறை கேட்ட பாட்டு!

அந்த அழைப்பு முடிந்ததும், எட்டு மாதங்களுக்கு முன் அவர் அனுப்பி நான் இருபது நொடியில் மூடிய ஒரு பாடலைத் தேடி எடுத்து முழுதாகக் கேட்டேன். பிடிக்கவில்லை. ஆனால் ஏன் பிடிக்கவில்லை என்று அவருக்கு விரிவாக எழுதினேன். அதற்கு அவர் எழுதிய மறுப்பு இதைவிட நீளம்.

ஒரு சந்தேகம் மட்டும் மிஞ்சுகிறது. எல்லாமே தனித்தனி என்று ஆகிவிட்டால் ஐவரும் சேர்ந்து கேட்பது என்பது போய்விடுமே. அதற்கு வழி உண்டா?


பழையநாடா:

உண்டு, கேசட்டிடமிருந்தே கடன் வாங்கலாம். ஐவரும் சேர்ந்து திருத்தக்கூடிய ஒரு கூட்டுப் பிளேலிஸ்ட்டைத் தொடங்குங்கள். ஆளுக்கு ஒரு பாடல், மொத்தம் ஐந்துக்கு மேல் இருக்கக் கூடாது. புதிதாக ஒன்றைச் சேர்க்க விரும்புபவர் தாம் முன்பு வைத்ததை அழித்துவிட வேண்டும். பிறருடையதைத் தொடக் கூடாது. மொத்தம் இருபது இருபத்தைந்து நிமிடந்தான் வரும் என்பதால் யாருக்கும் சுமை இல்லை. தன் பாடலை எடுப்பதா வைப்பதா என்ற தவிப்பு ஒவ்வொருவருக்கும் இருக்கும், அந்தத் தவிப்பே பேச்சுக்கு இடம் கொடுக்கும். நாங்கள் மூவர் இப்படி ஒன்றை நடத்துகிறோம். அதில் ஒருவர் பதினொரு வாரமாக ஒரே பாடலை எடுக்காமல் வைத்திருக்கிறார். என்ன ஆயிற்று என்று கேட்க அவரை நேரில் பார்க்கப் போக வேண்டியிருந்தது.


ஒருகாது:

வரிசை முறை இல்லாமல் விடுவது நல்லது என்று நினைக்கிறேன். ‘இந்த வாரம் உன் முறை’ என்று யாராவது சொல்லத் தொடங்கினால் மீண்டும் வீட்டுப்பாடம் வந்துவிடும். என் தோழிக்கு நேற்று எழுதினேன், வேலை நேரத்தில் கேட்கச் சொற்கள் இல்லாத இசை மட்டும் அனுப்பு என்று. ஒரே ஒரு வீணைத் துண்டு அனுப்பியிருக்கிறாள், ‘பதில் வேண்டாம்’ என்ற குறிப்புடன். அவளும் இந்த உரையாடலைப் படிக்கிறாளோ என்று இப்போது ஐயமாக இருக்கிறது.