மிருதங்கம் வாசிக்கும் பையனுக்கு வழிகாட்டி தேவை (மயிலாடுதுறை பக்கம்)

குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம். என் அக்கா மகனுக்கு 14 வயது. ஆறு வருடமாக மிருதங்கம் கற்கிறான். அவனுடைய வாத்தியாருக்கு வயதாகிவிட்டது, இனி கச்சேரிக்கெல்லாம் கூட வர முடியாது என்கிறார்.

வீட்டில் தாளக் கணக்கு பிசகாது. மேடை ஏறினால்தான் சிக்கல். போன மாதம் கோயில் கச்சேரியில் தனி ஆவர்த்தனத்தில் (பாட்டு நின்று தாள வாத்தியம் மட்டும் வாசிக்கும் இடம்) காலப்பிரமாணம், அதாவது வேகம், ஓடிவிட்டது. எடுப்பில் (பாட்டு தொடங்கும் தாள இடம்) வந்து விழவேண்டிய கோர்வை, அதாவது முடிவுச் சொற்கட்டு, அரை எண்ணிக்கை முன்னாலேயே முடிந்துவிட்டது. பாடியவர் நல்ல மனிதர், சிரித்துக்கொண்டே கையைத் தூக்கித் தாளத்தைக் காட்டினார். ஆனாலும் அன்றிலிருந்து பையன் வாசிக்கும் முன் தொப்பியில் (மிருதங்கத்தின் இடப்பக்கம்) ரவைப் பசை வைக்கவே கூப்பிட்டுக் கூப்பிட்டு உட்காரவைக்க வேண்டியிருக்கிறது.

அவனுக்குப் புதுப் பாடம் வேண்டாம். கச்சேரிக்கு அழைத்துப்போய்ப் பக்கத்தில் உட்காரவைத்து, பாட்டுக்கு எங்கே வாசிக்க வேண்டும், எங்கே கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும் என்று சொல்லித்தருபவர் வேண்டும். பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர், சிறுவனாக இருந்த மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயரைத் தன் கச்சேரிகளில் வாசிக்கவைத்தாரே, அந்த மாதிரி ஒரு மனசு.

கும்பகோணம், தஞ்சாவூர் வரை வாராவாரம் நானே அழைத்து வருவேன். தட்சிணை பற்றித் தயங்காமல் சொல்லலாம். ஆன்லைன் மட்டும் என்றால் இப்போதைக்கு வேண்டாம், மேடைப் பயம் செல்போனில் போகாது.

அப்புறம், உங்கள் பிள்ளைகள் இப்படி ஒருமுறை தடுமாறி மீண்டிருந்தால், அப்போது என்ன செய்தீர்கள் என்றும் எழுதுங்கள். யாராவது தெரிந்தால் உள்பெட்டியில் சொன்னாலும் சரி.