தாண்டிக்குடி, பேத்துப்பாறை கற்திட்டைகள்: ரெண்டு பேர், பஸ் பயணம், குறைஞ்ச செலவு

மலைநடை:
ஜனவரி கடைசியில நானும் என் கூட்டாளியும் மூணு நாள் பழனி மலையில கற்திட்டைகளை, அதாவது பழங்காலத்துல பலகைக்கல் நட்டு எழுப்பின ஈமச் சின்னங்களை, பார்த்துட்டு வரலாம்னு இருக்கோம். திண்டுக்கல்லில் இருந்து கிளம்புறோம். பைக் கிடையாது, பஸ்தான். கூடாரம் ஒண்ணு கைவசம் இருக்கு. எங்கே தங்கினா செலவு குறையும்? எதை முதல்ல பார்க்கணும்? இன்னொண்ணு, மேட்டுல ஒரு கல் வீட்டைப் பார்த்தா அது நிஜமாவே பழசா, இல்ல பின்னாடி யாரோ அடுக்கினதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பண்ணைக்காட்டான்:
தம்பி, கொடைக்கானல் ஊருக்குள்ள ரூம் போடாதீங்க. சனி, ஞாயிறுன்னா வாடகை சட்டுனு ஏறிடும். முதல் ராத்திரி வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் லாட்ஜ்ல தங்குங்க. காலையில முதல் பஸ்ஸைப் பிடிச்சா பட்டிவீரன்பட்டி, சித்தரேவு, பெரும்பாறை, தடியன்குடிசை வழியா தாண்டிக்குடி. மறுநாள் பண்ணைக்காடு வந்து, அங்கேர்ந்து பெருமாள்மலை, அப்புறம் பேத்துப்பாறை. இந்தப் பயணத்துல பணம் கரையிறது ஜீப்புலதான். பஸ் நேரத்தை ஒட்டி நடந்தா ஜீப்பே வேண்டாம்.

கூடாரத்தை வீட்டுலயே வச்சிட்டு வாங்க. காட்டு நிலத்துல அனுமதியில்லாம தங்கினா வழக்கு. அதைவிட, ராத்திரி காட்டுமாடு மேயுற இடம் அது. பேத்துப்பாறைப் பக்கம் யானையும் வரும். சாயங்காலம் 5 மணிக்கு மேல தோட்டப் பாதையில நடக்கவே கூடாது.

பை ஆளுக்கு 7 கிலோ தாண்ட வேணாம், தண்ணி 2 லிட்டரையும் சேர்த்துத்தான். ஸ்டீல் பாட்டில் எடுத்துக்குங்க. 5 லிட்டருக்குக் குறைஞ்ச பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலுக்குக் கொடைக்கானல்ல தடை இருக்கு. கொடைக்கானலுக்குச் சொந்த வண்டியில வர்றவங்க ஆன்லைன்ல எடுக்கிற இ-பாஸ், அரசுப் பஸ்ல வர்றவங்களுக்குத் தேவையில்ல.

கல்வட்டம்:
வழி சரி. வரிசையில் மட்டும் எனக்கு வேறு கருத்து. முதல் நாளே நேராக மேலே ஏறி, கொடைக்கானலுக்குச் சற்று முன்னால் செண்பகனூரில் இறங்கி, அங்குள்ள அருங்காட்சியகத்தைப் பாருங்கள். திறந்திருக்கும் நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். இந்த மலையின் கற்திட்டைகளை அளந்து எழுதிய பாதிரியார் ஆங்லாட் இருந்த இடம் அதுதான். இங்கே கிடைத்த பானைகளை அங்கே ஒருமுறை பார்த்துவிட்டால், கீழே காட்டில் எதைத் தேடுகிறோம் என்பது கண்ணுக்குப் பிடிபடும். பிறகு பேத்துப்பாறை, கடைசியில் தாண்டிக்குடி என்று இறங்கி வாருங்கள், முட்டிக்கும் நல்லது.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. கற்திட்டை தரைக்கு மேல் நிற்கும்: மூன்று பக்கம் நட்ட பலகைக்கற்கள், மேலே ஒரு மூடுகல், ஒரு பக்கம் திறப்பு. தரைக்குள் புதைந்திருந்தால் அது கற்பதுக்கை. அதில் ஒரு பலகையில் இடுதுளை எனப்படும் வட்டமான ஓட்டை இருக்கலாம். முதலில் கல்லின் விளிம்பைப் பாருங்கள். துளையிட்டுப் பிளந்த கல் என்றால் விளிம்பு நெடுக அரைவட்டக் குழிகள் வரிசையாகத் தெரியும். அது பிற்காலத்துக் கல். பழைய பலகை, பாறை தானே அடுக்கடுக்காக உரிந்த வாக்கில் எடுத்தது. அதன் விளிம்பு ஒழுங்கில்லாமல் இருக்கும். பாசி படிந்திருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், ஈரமான மலையில் புதுக்கல்லிலும் பாசி ஏறும்.

ஊரார் 'குள்ளர் வீடு' என்பார்கள். உண்மையில் இவை இறந்தவர்களுக்காக எழுப்பியவை. எலும்பு கிடைக்கவில்லையே என்று சந்தேகப்பட வேண்டாம், மலையின் அமில மண்ணில் எலும்பு கரைந்துவிடும். தாண்டிக்குடியில் புதுவைப் பல்கலைக்கழகத்தின் கா. ராஜன் நடத்திய அகழாய்வில் சூதுபவளம் என்ற சிவந்த கல்லில் செய்த மணிகள் வந்தன. அந்தக் கல் இந்த மலையில் விளைவதில்லை. மிளகும் ஏலமும் இறங்கிய பாதையில் அந்த மணிகள் மேலே ஏறியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

மலைநடை:
ரொம்ப நன்றி. தோட்டத்துக்குள்ள இருக்கிற கற்திட்டைக்கு எப்படிப் போறது? போட்டோவுக்கு எது நல்ல நேரம்?

காப்பித்தோட்டம்:
ஜனவரியில காப்பிப் பழம் பறிப்பு நடக்கும், அதனால தோட்டத்துல ஆள் இருப்பாங்க. கேட்டுல நின்னு மேஸ்திரியைக் கூப்பிட்டு, ‘அண்ணே, கல் வீட்டைப் பார்த்துட்டு உடனே வந்துடுறோம்’னு சொல்லுங்க. பெரும்பாலும் ஒரு ஆளையே கூட அனுப்புவாங்க. வேலி தாண்டிப் போனா புதையல் தோண்ட வந்த கும்பல்னு நினைப்பாங்க. நினைக்கிறதுல தப்பில்ல, மூடுகல்லைக் கடப்பாரை போட்டுப் புரட்டின இடம் அத்தனை இருக்கு.

போட்டோவுக்குக் காலை 9 மணிக்கு முன்னாடி, இல்ல சாயங்காலம் 4 மணிக்கு. சாய்ஞ்ச வெயில்லதான் கல்லோட மேடுபள்ளம் தெரியும். சாக்பீஸால கோடு போடாதீங்க, பக்கத்துல 30 செ.மீ. ஸ்கேல் வச்சா போதும். மூடுகல் மேல ஏறாதீங்க. ஓரக்கல் ஒண்ணு சாய்ஞ்சிருந்தாலும் உங்க எடைக்கு மொத்தமும் சரியும். உள்ளே அடுப்பு மூட்டினா சூட்டுல பாறை செதில் செதிலா உரியும். பானை ஓடு கிடந்தா படம் எடுத்துட்டு அங்கேயே விட்டுடுங்க. இடத்தோட வரைபடப் புள்ளியைத் தயவுசெய்து பொதுவுல போடாதீங்க, தோண்டுறவங்களும் அதைப் பார்ப்பாங்க.

பண்ணைக்காட்டான்:
தாண்டிக்குடியில இறங்கும்போதே கடைசி பஸ் எப்போன்னு கண்டக்டர்கிட்ட கேட்டு வச்சுக்குங்க. அதுக்கு முந்தின பஸ்ஸுக்கே திரும்பி வந்துடுங்க, மலையில ஒரு பஸ் பழுதாகி நின்னா மாத்து பஸ் வராது.