சொந்தமாகக் கட்டும் வீட்டுக்கு ஹீட் பம்ப் மானியம்: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் இங்கிலாந்தில், கென்ட் பக்கம், மனை வாங்கி வீடு கட்டுகிறோம். கூரை போட்டாயிற்று. அடுத்து, வெளிக்காற்றிலிருந்து வெப்பம் எடுத்து வீட்டைச் சூடாக்கும் ஏர் சோர்ஸ் ஹீட் பம்ப் வைக்க வேண்டும். பாய்லர் அப்கிரேட் ஸ்கீம் என்ற அரசு மானியத் திட்டத்தில் 7,500 பவுண்ட் கிடைத்தால் எங்களுக்குப் பெரிய உதவி.

நாங்கள் விலை விசாரித்த ஒரு நிறுவனம், "புது வீட்டுக்கு மானியம் கிடையாது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. ஆனால் விதியில் சொந்தமாகக் கட்டுபவர்களுக்கு விலக்கு இருக்கிறது: வீடு பெரும்பாலும் முதல் உரிமையாளரின் உழைப்பிலோ பணத்திலோ கட்டப்பட்டிருக்க வேண்டும், தனிநபர் அல்லாத யாருக்கும் (கம்பெனி போன்றவற்றுக்கு) அது ஒருபோதும் சொந்தமாக இருந்திருக்கக் கூடாது.

இந்த இரண்டாவது நிபந்தனைதான் கவலை. மனையை ஒரு பில்டர் கம்பெனியிடமிருந்து வாங்கினோம். அஸ்திவாரம் மட்டும் அவர்கள் போட்டது. சுவர் முதல் எல்லாம் எங்கள் செலவு. அந்த அஸ்திவாரத்தைக் காட்டி மறுத்துவிடுவார்களா? இதே நிலையில் யாருக்காவது மானியம் கிடைத்திருக்கிறதா?

அப்புறம், இந்த மானியத்தை நிர்வகிக்கும் ஆஃப்ஜெம் அமைப்பு என்ன ஆதாரம் கேட்டார்கள்? மரம், செங்கல், ஜன்னல் பில்கள் சில என் பெயரிலும் சில கணவர் பெயரிலும் இருக்கின்றன. பத்திரம் இருவர் பெயரில்.

விண்ணப்பிக்க வேண்டியது எம்சிஎஸ் சான்று (ஹீட் பம்ப் போன்றவற்றைப் பொருத்துபவர்களுக்கான தரச் சான்று) பெற்ற நிறுவனம்தான், நாம் நேரடியாக முடியாது. அதனால் சொந்த வீடு கட்டுபவர்களுக்கு விண்ணப்பித்துப் பழகிய நிறுவனம் தெரிந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். குளிருக்குள் குடிபோக வேண்டும், கைக்குழந்தை இருக்கிறது.